வந்துபோகும் வல்லுநர்கள்

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் ஊருக்கு அனுப்பும் பணத்துக்குக் கணக்கு இருக்கிறது. 2023இல் இந்தியாவுக்கு அப்படி வந்த தொகை ஏறத்தாழ 12,000 கோடி டாலர் என்கிறது உலக வங்கி. ஆனால் அதே ஆட்கள் விடுமுறையில் வந்து கல்லூரியில் எடுத்த வகுப்புக்கும், மாவட்ட மருத்துவமனையில் செய்து காட்டிய அறுவை சிகிச்சைக்கும், துறைச் செயலர் ஒருவருக்கு எழுதிக் கொடுத்த திட்ட வரைவுக்கும் கணக்கே கிடையாது. அதனால் இவர்களைப் பற்றிய பேச்சு இரண்டு ஓரங்களில் நின்றுவிடுகிறது. விமான நிலையத்தில் மாலை போட்டு, மண்ணை மறக்காத மைந்தர் என்று மேடையேற்றுவது ஒன்று. "மூன்று வாரம் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறவர்" என்று முகம் சுளிப்பது மற்றொன்று. ஐம்பது ஆண்டு அனுபவம் உலகெங்கும் சிதறிக் கிடக்கிறது. அதை ஒன்றாக வைத்துப் பார்த்தால், வருகிறவரின் பற்றையும் படிப்பையும்விட அவரை அழைக்கிற இடத்தின் நிலைமைதான் முடிவைத் தீர்மானித்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த வேலைக்காக அழைக்கிறோம் என்று தெரிந்து அழைத்த இடங்களில் அறிவு தங்கியிருக்கிறது. வந்தபின் வேலை தேடிக் கொடுத்த இடங்களில் நன்றி அறிவித்தலோடு முடிந்திருக்கிறது.

இந்தக் கவலை முதலில் ஏழை நாடுகளில் எழவில்லை. பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருப்பது பற்றி லண்டன் ராயல் சொசைட்டி 1963இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 'மூளை வடிகால்' என்ற பேச்சு அதை ஒட்டித்தான் பரவியது. இந்தியா அதற்கு முன்பே தன் அளவில் ஏதோ செய்து பார்த்திருந்தது. அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழு 1958இல் விஞ்ஞானிகள் தொகுப்பு என்றொரு திட்டம் தொடங்கியது. படித்துவிட்டுத் திரும்புகிறவருக்கு நிலையான வேலை கிடைக்கும்வரை ஒரு தற்காலிகச் சம்பளம், ஒரு மேசை. எழுபதுகளின் தொடக்கத்தில் பொருளியலாளர் ஜகதீஷ் பகவதி வேறொரு வழி சொன்னார். வெளியேறிய படிப்பாளிகளின் வருமானத்தில் சிறு வரி பிடித்து, அவர்களைப் படிக்க வைத்த நாடுகளுக்குத் தர வேண்டும் என்றார். கருத்தரங்குகளில் அது நெடுநாள் பேசப்பட்டது; எந்த அரசும் அந்த வரியைப் பிடித்துத் தரவில்லை. போனவர் ஒன்று திரும்ப வேண்டும், இல்லையேல் ஈடு தர வேண்டும் என்பதே இரண்டு யோசனைகளின் அடிப்படையும். போனவர் போன இடத்திலேயே இருக்கட்டும், அவர் நேரத்தில் ஒரு பகுதியை வாங்கினால் என்ன என்ற மூன்றாவது யோசனை பிறகு வந்தது.

அதற்கு நிறுவன வடிவம் கொடுத்தது ஐ.நா. வளர்ச்சித் திட்டம். 1977இல் துருக்கியில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் பெயர் டோக்டன். அயலகத்தில் வாழும் குடிமக்கள் வழியாக அறிவுப் பரிமாற்றம் என்பது அதன் விரிவு. ஏற்பாடு எளிமையானது. வெளிநாட்டில் தொழிலில் தேர்ந்த ஒருவர் இரண்டு வாரத்திலிருந்து மூன்று மாதம்வரை தாய்நாட்டுக்கு வருவார். விமானச் செலவும் தங்கும் செலவும் உண்டு, சம்பளம் கிடையாது. அதே வேலைக்கு ஒரு சர்வதேச ஆலோசகரை அமர்த்தினால் ஆகும் செலவில் சிறு பங்குதான் இதற்கு ஆகும். மொழி தெரியும், ஊர் தெரியும், வந்த இரண்டாம் நாளே வேலையைத் தொடங்கலாம் என்பது கூடுதல் வசதி. 1994இல் இது ஐ.நா. தொண்டர் அமைப்பின் கீழ் வந்தது. முதல் இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 பேர் இந்த வழியில் தங்கள் நாடுகளுக்குப் போய்வந்தார்கள். இந்தியாவில் இதை நடத்தியதும் மேலே சொன்ன அறிவியல் ஆராய்ச்சிக் குழுதான்.

டோக்டன் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. மாலியின் பமாக்கோ பல்கலைக்கழகம் 1996இல்தான் உருவானது. மேற்படிப்புக்குப் பாடம் நடத்தப் போதிய பேராசிரியர்கள் இல்லை. பிரான்சிலும் அமெரிக்காவிலும் இருந்த மாலிக்காரர்கள் தவணை தவணையாக வந்து அந்த வகுப்புகளை எடுத்தார்கள். இங்கே தேவை தெளிவானது. பாடத்திட்டம் கையில் இருந்தது, மாணவர்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள், ஆசிரியர் மட்டும்தான் இல்லை. பாலஸ்தீனத்தில் தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆட்சி நிர்வாகமே புதிதாக எழும்பிக்கொண்டிருந்தது. வந்தவர்களுக்கு நிரப்ப இடம் இருந்தது; சிலர் திரும்பிப் போகாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள். மற்றப் பல நாடுகளில் நடந்தது வேறு. யார் வருகிறார் என்பது முதலில் முடிவாகும், அவரை என்ன செய்யச் சொல்வது என்பதை அவர் வந்தபின் யோசிப்பார்கள். ஆய்வகக் கருவி சுங்கத்தில் நிற்கும், துறைத் தலைவர் வெளியூரில் இருப்பார், மாணவர்களுக்குத் தேர்வு நடக்கும். நிபுணருக்குக் கோடை விடுமுறை கிடைக்கிற மாதம்தான் இங்கே கல்லூரி மூடியிருக்கிற மாதம் என்ற சின்ன விஷயத்தில் எத்தனை திட்டங்கள் தடுக்கி விழுந்திருக்கும் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

எதற்காக அழைக்கிறோம் என்று தெரிந்து அழைத்ததற்குத் தைவானைவிட நல்ல சான்று இல்லை. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று உலகின் மேம்பட்ட சிப்புகளில் பெரும்பகுதி அங்கிருந்து வருகிறது என்பதால் முடிவை எல்லாரும் அறிவார்கள், தொடக்கத்தை அறிந்தவர்கள் குறைவு. 1974 பிப்ரவரி 7ஆம் தேதி காலை, தைபேயில் சோயாப் பால் விற்கும் ஒரு சிற்றுண்டிக் கடையில் ஏழு பேர் கூடினார்கள். பொருளாதார அமைச்சர் சுன் யுன்சுவான் அவர்களில் ஒருவர். அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்த பான் வென்யுவான் என்ற பொறியாளர் இன்னொருவர். ஆடை, பிளாஸ்டிக், வானொலிப் பெட்டி ஆகியவற்றைச் செய்து பிழைக்கும் நாடு அடுத்து எதைச் செய்வது என்பதே அன்றைய கேள்வி. ஒருங்கிணைந்த சுற்று, அதாவது இன்று சிப் என்கிறோமே, அது என்றார் பான். எவ்வளவு ஆகும் என்று கேட்டார்கள். ஒரு கோடி டாலர், நான்கு ஆண்டு என்று பதில் வந்தது.

அந்தக் கோடையில் அவர் தைபேயில் ஒரு ஹோட்டல் அறையில் தங்கி முழுத் திட்டத்தையும் எழுதிக் கொடுத்தார். பிறகு செய்ததுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். தான் வேலை பார்க்கும் நிறுவனமே தொழில்நுட்பம் விற்க முன்வரக்கூடும், அப்போது தன் ஆலோசனை நேர்மையாக இராது என்று ஆர்.சி.ஏ.யிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்றார். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களிலும் ஆய்வகங்களிலும் இருந்த சீன வம்சாவளிப் பொறியாளர்களைச் சேர்த்து ஒரு தொழில்நுட்ப ஆலோசனைக் குழு அமைத்தார். பானுக்குச் சம்பளம் இல்லை. குழுவினர் வார இறுதிகளிலும் ஓய்வு நேரத்திலும் கூடினார்கள். எந்த வகைச் சிப் தொழில்நுட்பத்தை வாங்குவது, எந்த நிறுவனத்தின் விலைப்புள்ளி நியாயமானது, ஒப்பந்தத்தில் எந்த வாசகம் ஆபத்தானது, பயிற்சிக்கு அனுப்பும் இளைஞர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்றெல்லாம் அலசினார்கள். 1976இல் ஆர்.சி.ஏ.யோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. தைவானிலிருந்து இளம் பொறியாளர்கள் அமெரிக்கா போய்ப் பயின்று திரும்பினார்கள். 1977இல் சிஞ்சுவில் சோதனைத் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. மின்னணுக் கைக்கடிகாரத்துக்கான சிப்தான் முதல் சரக்கு. பழுதில்லாச் சிப்புகளின் விகிதத்தில் அது சீக்கிரமே கற்றுக் கொடுத்த நிறுவனத்தை மிஞ்சியது.

இதில் வெளிநாட்டு நிபுணர்களின் பங்கு எவ்வளவு? அவர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனால் அவர்கள் மட்டும் இருந்திருந்தாலும் நடந்திருக்காது. 1973இல் தொடங்கிய இட்ரி என்ற அரசுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் அவர்கள் சொல்வதை வாங்கிச் செய்யக் காத்திருந்தது. பணம் ஒதுக்க அதிகாரமுள்ள அமைச்சர் அந்தக் கடையில் நேரில் உட்கார்ந்திருந்தார். ஆலோசகர்கள் கடல் தாண்டித் திரும்பிய பிறகும் ஆலையில் இருக்கப்போகிற இளைஞர்கள் பெயர் பெயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்கள். 1980இல் சிஞ்சு அறிவியல் பூங்கா திறந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் கால் நூற்றாண்டு பணியாற்றிய மோரிஸ் சாங் 1985இல் இட்ரிக்குத் தலைமை ஏற்க வந்தார், 1987இல் சிப் உற்பத்தி நிறுவனமான டி.எஸ்.எம்.சி. பிறந்தது. அவர் வந்து இறங்கியபோது அடித்தளம் போட்டுப் பத்தாண்டு ஆகியிருந்தது.

ஒரு சிறு குறிப்பு. பான் பிறந்தது சீனப் பெருநிலத்தின் சூசோவில், சாங் பிறந்தது நிங்போவில். இருவருக்கும் தைவான் பிறந்த ஊரல்ல. தாயகம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவது பல நேரம் இப்படித் தேர்ந்துகொண்ட ஒன்றாகவே இருக்கிறது.

இந்தியாவில் இதற்கு ஈடாகச் சொல்லப்படும் பெயர் சாம் பிட்ரோடா. ஒடிசாவின் டிட்லாகட்டில் பிறந்து, சிகாகோவில் தொலைபேசி இணைப்பகத் தொழில்நுட்பத்தில் காப்புரிமைகளும் பணமும் சேர்த்தவர். 1984இல் அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் தொடங்கியபோது ஆண்டுக்கு ஒரு ரூபாய் சம்பளத்தில் ஆலோசகரானார். வைத்த கெடு 36 மாதம், கேட்ட தொகை 36 கோடி ரூபாய். இந்திய வெயிலுக்கும் தூசிக்கும் ஈடு கொடுத்து, குளிர்சாதன அறை இல்லாமல் ஓடக்கூடிய 128 இணைப்புள்ள கிராமத் தொலைபேசி இணைப்பகம் அந்த முயற்சியில் உருவானது. எண்பதுகளின் கடைசியில் மூலைக்கு மூலை முளைத்த மஞ்சள் பலகை எஸ்.டி.டி. பூத்துகளின் கதையும் அந்தக் காலத்தோடு சேர்ந்ததுதான். அதைக் கட்டியவர்கள் டெல்லியிலும் பெங்களூரிலும் இருந்த நூற்றுக்கணக்கான இளம் பொறியாளர்கள். பிட்ரோடா கொண்டு வந்தது அனுபவத்தையும், அதைவிட முக்கியமாகப் பிரதமர் அலுவலகத்துக்கு நேராகப் போகும் வழியையும். அந்த வழியே அவருக்குக் கேடாகவும் முடிந்தது. ராஜீவ் காந்தி ஆட்சி போனதும் புதிய அமைச்சரோடு மோதல், குற்றச்சாட்டுகள், சில ஆண்டுகளில் மறுபடி அமெரிக்கா. ஒரு தலைவரின் நம்பிக்கையில் மட்டும் நிற்கிற வல்லுநருக்குத் தேர்தல்தான் விசா. சி-டாட் என்னவோ அவர் போன பிறகும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

இப்போது இந்திய அரசிடம் வெளிநாட்டு வல்லுநர்களை வரவழைக்கும் திட்டங்களுக்குக் குறைவில்லை. 2015இல் ஞான், 2017இல் வஜ்ரா, பிறகு வைபவ் என்று பெயர்கள் அடுக்கடுக்காக வருகின்றன. வஜ்ராவில் வருகைப் பேராசிரியருக்கு முதல் மாதம் 15,000 டாலர், அடுத்த மாதங்களில் 10,000 டாலர் என்று வைத்தார்கள். இது தொண்டு அல்ல, நல்ல ஊதியம். ஊதியம் கொடுப்பதில் தவறு இல்லை. ஆனால் அதே துறையில் இங்கே ஆண்டு முழுவதும் பாடம் நடத்துகிறவர் தன் மாதச் சம்பளத்தை அந்தத் தொகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இந்த ஒப்பீடு எவ்வளவு கசப்பாகும் என்பதற்கு ஆப்கானிஸ்தான் சாட்சி. 2001இல் தாலிபான் ஆட்சி விழுந்த பிறகு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்து ஆப்கானிய வல்லுநர்கள் அமைச்சகங்களுக்குத் திரும்பினார்கள். பலருக்கு நன்கொடை நாடுகளின் பணத்தில் சம்பளம். அடுத்த மேசையில் இருந்த உள்ளூர் ஊழியர் வாங்கியதைப்போல் பல மடங்கு. போர்க்காலம் முழுவதும் ஊரிலேயே கிடந்து அலுவலகத்தைக் காத்தவர்களுக்கு, வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு வந்து மேலே உட்கார்ந்தவர்கள் கண்ணில் உறுத்தினார்கள். மேற்கில் நாய் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர்கள் என்று காபூலில் அவர்களைக் கேலி செய்தார்கள். 2021இல் காபூல் மறுபடி தாலிபானிடம் விழுந்தபோது அந்தப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குப் போக இடம் இருந்தது.

ஆட்களை வரவழைக்காமலே அறிவை மட்டும் வரவழைக்கலாம் என்ற நம்பிக்கை இணையத்தோடு சேர்ந்து வளர்ந்தது. கொலம்பியா 1991இல் கால்டாஸ் வலையமைப்பைத் தொடங்கியது. 1816இல் ஸ்பானியப் படை சுட்டுக் கொன்ற விஞ்ஞானி பிரான்சிஸ்கோ ஹோசே தெ கால்டாஸின் பெயர் அதற்கு. பல நாடுகளில் கிளைகள், நூற்றுக்கணக்கான உறுப்பினர்கள், மின்னஞ்சல் குழு என்று அன்றைக்கு அது ஒரு புதுமை. புலம்பெயர் அறிவைப் பயன்படுத்துவது பற்றிய ஆய்வுலகில் அதை எடுத்துக்காட்டாதவர் இல்லை. பத்தாண்டு ஆவதற்குள் அது ஓய்ந்துவிட்டது. நடத்திய அரசு நிறுவனத்தின் நிதியும் கவனமும் வேறு பக்கம் போனது. 1998இல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் தென்னாப்பிரிக்கர்களுக்காகத் தொடங்கிய சான்சா வலையமைப்பில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர் பதிந்தார்கள், அதுவும் சோர்ந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மெர்சி பிரவுன் என்ற ஆய்வாளர் தேடிப் பட்டியலிட்டபோது 30 நாடுகளைச் சேர்ந்த 41 அறிவு வலையமைப்புகள் கிடைத்தன. அவற்றில் எத்தனை இன்று உயிரோடு இருக்கின்றன என்று கேட்பது சங்கடமான கேள்வி. பெயர் பதிவது எளிது. பதிந்தவருக்கு மாதக்கணக்கில் ஒரு கேள்விகூட வராவிட்டால் அவர் கடவுச்சொல்லை மறந்துவிடுவார். தாய்நாட்டில் உட்கார்ந்து, உள்ளூர் ஆலைக்கும் ஆய்வகத்துக்கும் என்ன தடங்கல் என்று கேட்டு, அதைக் கேள்வியாக்கி, சரியான ஆளுக்கு அனுப்பி, பதிலை வாங்கித் தரும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்குச் சம்பளம் போட மறந்ததுதான் இந்த வலையமைப்புகள் பலவற்றின் கதை.

மருத்துவத்தில் நிலைமை வேறு, ஏனென்றால் நோயாளி காத்திருக்கிறார் என்பதால் தேவையைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் மருத்துவத்துக்கே உரிய ஒரு பொறி உண்டு. வந்த நிபுணர் ஒரு வாரத்தில் நாற்பது அறுவை சிகிச்சை செய்துவிட்டுப் போகலாம். நாற்பது குடும்பங்களுக்கு அது பெரிய விஷயம். மருத்துவமனையின் திறனில் எதுவும் மாறியிராது. சில இடங்களில் தையல் பிரிக்கவும் சிக்கல் வந்தால் பார்க்கவும் ஆள் இன்றிப் போனதும் உண்டு. வரும்போது கொண்டுவரும் கருவிகளின் கதை இன்னும் மோசம். ஏழை நாடுகளின் மருத்துவமனைகளில் உள்ள கருவிகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஓடாமல் கிடப்பதாக 2011இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. உதிரிப் பாகம் கிடைக்காது, மின்னழுத்தம் ஒத்துவராது, பழுது பார்க்கத் தெரிந்தவர் இருக்கமாட்டார். நன்கொடையாளர் பெயர் பொறித்த தகடு மட்டும் பளபளக்கும்.

இந்தப் பொறியிலிருந்து விலகியவர்களும் இருக்கிறார்கள். ஆர்மேனியாவில் 1988 டிசம்பர் நிலநடுக்கம், அடுத்துச் சோவியத் ஒன்றியத்தின் உடைவு, அடுத்துப் போர் எல்லாம் சேர்ந்து மருத்துவத்தைக் குலைத்துப் போட்டிருந்தன. கலிபோர்னியாவில் இருந்த ஆர்மேனிய வம்சாவளிக் கண் மருத்துவர் ரோஜர் ஒஹானேசியன் 1992இல் ஒரு கண் சிகிச்சைத் திட்டத்தைத் தொடங்கினார். ஆண்டுதோறும் அமெரிக்க மருத்துவர்கள் போனார்கள், அறுவை சிகிச்சையும் செய்தார்கள். ஆனால் பணத்தில் பெரும்பங்கு உள்ளூர் மருத்துவர்களின் பயிற்சிக்குப் போனது. தேர்ந்தெடுத்தவர்களை அமெரிக்காவுக்கு அழைத்துத் துறைவாரியாகப் பழக்கி, திரும்பிப் போய் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். பிறகு நடமாடும் கண் மருத்துவமனை ஒன்று மாகாணம் மாகாணமாகச் சுற்றியது. ஒரே இடம், ஒரே துறை, முப்பது ஆண்டு. கூட்டங்களில் பெருமையாகச் சொல்ல இதில் பரபரப்பு ஏதும் இல்லை.

சோமாலிலாந்தின் எட்னா ஆதான் இன்னொரு வகை. பிரிட்டனில் பயின்ற செவிலி, மகப்பேற்றுத் தாதி. உலக சுகாதார நிறுவனத்தில் உயர் பதவி வகித்து ஓய்வு பெற்றவர். கையிலிருந்த சேமிப்பையும் விற்கக் கூடியதையும் போட்டு ஹர்கெய்சாவில் மகப்பேற்று மருத்துவமனை கட்டி 2002இல் திறந்தார். சுவர் எழும்பும்போதே தாதியர் பயிற்சியையும் தொடங்கிவிட்டார், ஏனென்றால் போரில் தாதியரே இல்லாமல் போன நாட்டில் கட்டடம் மட்டும் என்ன செய்யும்? இவரை வந்துபோகும் வல்லுநர் என்று சொல்ல முடியாது, தங்கிவிட்டவர். எல்லாராலும் ஆகிற காரியமல்ல. எல்லாரிடமும் எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. சர்வதேசக் குடிபெயர்வு அமைப்பும் அனுபவத்தில் அதே முடிவுக்கு வந்தது. ஆப்பிரிக்க வல்லுநர்களை நிரந்தரமாகத் திரும்ப வைக்க 1983 முதல் நடத்திய திட்டத்தில் பதினாறு ஆண்டுகளில் திரும்பியவர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர்தான். 2001இல் அதை விட்டுவிட்டு, வந்து வந்து போகும் முறைக்கு மாறினார்கள். நெதர்லாந்தின் பணத்தில் கானாவின் மருத்துவமனைகளுக்குக் கானா மருத்துவர்களும் செவிலியரும் போய்வந்த திட்டம் அதன் கிளை.

யாழ்ப்பாணத்துக்கு வருகிறேன். இலங்கைத் தமிழ் மருத்துவர்களும் பொறியாளர்களும் கணக்காளர்களும் உலகெங்கும் பரவியது பெரும்பாலும் 1983க்குப் பிறகு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் தொடங்கியது 1978இல். ஐந்து ஆண்டு கழிவதற்குள் போர். மின்சாரம் இல்லை, பாதை இல்லை, விரிவுரையாளர் இல்லை. அந்த நிலையிலும் பீடம் மூடப்படாமல் மருத்துவர்களை உருவாக்கியது என்றால், போகாமல் நின்ற சிலரின் பிடிவாதமே காரணம். 2002 போர்நிறுத்தத்தில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்ததும் லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பழைய மாணவர்களும் மற்றவர்களும் வருகை விரிவுரையாளராக வந்தார்கள். 2004 ஆழிப்பேரலை இன்னும் பலரைக் கொண்டுவந்தது. 2006இல் பாதை மறுபடி மூடப்பட்டது. பிரிட்டனில் தமிழ் மருத்துவர்கள் சேர்ந்து நடத்தும் தொண்டு அமைப்பும், அமெரிக்காவில் நடக்கும் அதுபோன்ற அமைப்பும் இந்தக் காலம் முழுவதும் கருவி, மருந்து, பயிற்சி என்று ஏதோ ஒரு வழியில் தொடர்ந்தன. உள்ளே பெற்றுக்கொள்ள ஒரு பீடமும் அதில் நிலையாக நின்ற ஆசிரியர்களும் இருந்ததால்தான் அந்த உதவிக்கு ஓர் இறங்குதுறை இருந்தது.

இங்கே இன்னொரு தடையும் தெரிகிறது. வருகிறவரின் தொழிலறிவு மட்டும் வந்து இறங்குவதில்லை, அவர் அரசியலும் கூடவே வருகிறது என்று அரசு நினைக்கும். பல நேரம் அது உண்மையும்கூட. இலங்கை அரசு 2014இல் புலம்பெயர் தமிழ் அமைப்புகள் பலவற்றைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. 2015இல் ஆட்சி மாறியதும் சிலவற்றை நீக்கியது. 2021இல் மறுபடி சேர்த்தது. 2022இல், கஜானா காலியாகி டாலர் தேவைப்பட்டபோது, மறுபடி நீக்கியது. எட்டு ஆண்டில் நான்கு திருப்பம். ஒரு குழந்தை நல மருத்துவர் தன் விடுமுறையைத் திட்டமிடுவதற்கு இது ஏற்ற தட்பவெப்பம் அல்ல. எந்த அமைப்பின் வழியாக வருவது, யாரோடு படம் எடுத்தால் யார் கேட்பார்கள் என்று கணக்குப் போட்டே பலர் தனி ஆளாக, சத்தமில்லாமல் வந்துபோகிறார்கள். சத்தமில்லாத வேலைக்குத் தொடர்ச்சி இருப்பதில்லை. அடுத்தவர் வந்து முதலிலிருந்து தொடங்குகிறார்.

சந்தேகம் இன்று மறுமுனையிலிருந்தும் வருகிறது. சீனா தொண்ணூறுகளிலேயே கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது. திரும்பி வா என்று மட்டும் கேட்காமல், வெளியில் இருந்துகொண்டே நாட்டுக்கு உழைக்கலாம் என்று கொள்கையைத் தளர்த்தி, குறுகிய வருகைகளுக்குப் பணமும் ஒதுக்கியது. 2008இல் ஆயிரம் திறனாளர் திட்டம் வந்தது. பத்தாண்டில் அமெரிக்கா விழித்துக்கொண்டு, 2018இல் சீனத் தொடர்புள்ள விஞ்ஞானிகளை விசாரிக்கத் தனி முயற்சி தொடங்கியது. எம்.ஐ.டி. பேராசிரியர் காங் சென் 2021 ஜனவரியில் கைது செய்யப்பட்டார். ஓராண்டு கழித்து வழக்கு கைவிடப்பட்டது. 2022இல் அந்த முயற்சியே நிறுத்தப்பட்டது. ஆனால் பிறந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாதம் பாடம் நடத்துவதற்கு முன் வழக்கறிஞரைக் கேட்க வேண்டும் என்ற பாடத்தை எல்லா நாட்டுக்காரர்களும் கற்றுக்கொண்டார்கள்.

அழைக்க யாரும் இல்லாமலே நடந்த ஒரு காரியத்தையும் சொல்லாவிட்டால் என் வாதம் ஒருதலையாகிவிடும், அதுவும் நம் வீட்டுக் கதையாக இருக்கும்போது. கணினியில் தமிழ் ஏறிய வரலாற்றில் முதல் வரிசையில் நிற்பவர்கள் பலர் தமிழ்நாட்டில் இல்லை. சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இணையத்தில் ஏற்றினார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளை எழுதினார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி இணையத் தமிழின் முன்னோடிகளில் ஒருவர். பின்னிருவருக்கும் தமிழ்நாடு சொந்த நாடுகூட அல்ல. 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் நடந்த மாநாடுகளில் இவர்கள் கூடிப் பேசியதன் விளைவாகத் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையைத் தரமாக ஏற்றது.

இங்கே அனுமதி தர வேண்டிய அலுவலகமோ இறக்குமதி செய்ய வேண்டிய கருவியோ கிடையாது. செய்தவரே முதல் பயனாளி; தனக்கு வேண்டியதைச் செய்து எல்லாருக்கும் கொடுத்தார். ஆனால் பொதுத் தரம் என்ற இடத்துக்கு வந்ததும் அரசு தேவைப்பட்டது, அங்கே வேகம் குறைந்தது. எழுத்துருக் குறியேற்றத்தில் ஆளுக்கொரு முறை வைத்துக்கொண்டு தமிழுலகம் பத்தாண்டுக்கு மேல் அல்லாடியது. உலகப் பொதுக் குறியேற்றமான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு முறைப்படி ஏற்றது 2010இல். எழுதிக் கொடுக்க ஆள் இருந்தும், ஏற்றுக்கொள்ளும் இடம் தயாராகாத காலம் அது.

ஆர்மேனியா 2020இல் தொடங்கிய ஒரு முறையை நம்மவர்கள் கவனிக்கலாம். வெளிநாட்டு ஆர்மேனியர்களை ஓராண்டுக்கு அமைச்சகங்களில் பணியில் அமர்த்துகிறார்கள். எந்தத் துறைக்கு எந்தத் திறன் வேண்டும் என்பதை அந்தத் துறை முதலில் எழுதித் தர வேண்டும்; அதற்குத்தான் விண்ணப்பம். வருகிறவர்களில் பலர் அங்கே பிறந்தவர்களே அல்ல, மூன்றாம் நான்காம் தலைமுறை. தமிழ்நாட்டில் ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடுகிறோம், விருது தருகிறோம், பள்ளிகளுக்கு நிதி கேட்கிறோம். எந்த மாவட்டத்தில் எந்தப் பணிக்கு எத்தனை மாதத்துக்கு யார் வேண்டும் என்று துறைகள் எழுதிய பட்டியலும் அந்த விழாவில் இருந்தால் அழைப்புக்குப் பொருள் இருக்கும்.

இலங்கையில் இப்போது பட்டியல் எழுத வேண்டியவர்களே குறைந்துவருகிறார்கள். பொருளாதாரம் சரிந்த 2022இல் அரசு ஊழியர்கள் பணிமூப்பு கெடாமல் ஐந்து ஆண்டுவரை சம்பளமற்ற விடுப்பில் வெளிநாடு போகலாம் என்று அரசே சுற்றறிக்கை விட்டது. அந்த ஆண்டிலிருந்து நூற்றுக்கணக்கான மருத்துவர்கள் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மத்திய கிழக்குக்கும் போயிருக்கிறார்கள். மயக்க மருந்து நிபுணர் போனால் அறுவைக் கூடமே நிற்கிறது. மாகாண மருத்துவமனைகளில் அப்படி நின்றும் இருக்கிறது. லண்டனிலிருந்து வரும் அறுவை நிபுணர் இனி யாரோடு சேர்ந்து அந்தக் கூடத்தில் நிற்பார் என்பதைத்தான் அவரை வரவேற்கிறவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியிருக்கிறது.